ஏழாம் நம்பர் பேசாத ஞாயிறு

உங்கள் கழுத்தில் தொங்குகிற விசில் புதுசு. வாயில் வைத்தால் பிளாஸ்டிக் வாசனை இன்னும் வரும். அதை எப்படி ஊதுவது, எந்த ஃபவுலுக்குக் கையை எப்படிக் காட்டுவது, கோர்ட்டில் எங்கே நிற்பது, இதையெல்லாம் நடுவர் பரீட்சை எழுதித் தேறித்தான் வந்திருக்கிறீர்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. விசில் வாயில் இல்லாத நேரத்தில் அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் செய்யாத தப்பே கிடையாது. ஆகவே எனக்குத் தகுதி இருக்கிறது.

பெரம்பலூரில் முப்பது வருடத்துக்கு மேல் பி.டி. டீச்சராக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் பேஸ்கட்பால் நடுவர். எனக்கு ஆண்டவன் கொடுத்த குரல் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்களே பொறாமைப்படுகிற குரல். என் வீட்டுக்காரர் போனில் என்னிடம் பேசும்போது போனைக் காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார். கோர்ட்டில் ஆடுகிறவர்கள் எல்லோரும் என்னை 'சார்' என்று கூப்பிடுவார்கள். பெண் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்திலும் அப்படித்தான். சாம்பல் நிறச் சட்டை போட்டு விசிலோடு நின்றால் சார், அவ்வளவுதான். "சார் இல்லம்மா, டீச்சர்" என்று மூன்று வருடம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நான் விசில் எடுத்தால் ஆட்டத்தில் ஒரு சத்தம் வராது என்று போட்டி நடத்துகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும். நான் செய்தது ரொம்ப எளிது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பார்கள். உடனே டெக்னிகல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ போகும், பேசியவர் பெயரில் ஒரு ஃபவுல் ஏறும். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான் என்பதால் அதற்குப் பிறகு மூச்சு விடக்கூடப் பயப்படுவார்கள். அதை நான் 'கன்ட்ரோல்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபவுல் செய்தவர் கையைத் தூக்கி 'நான்தான்' என்று காட்டுவது. ரூல் புத்தகத்தில் இப்போது அது இல்லை. ஆனால் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் ரொம்பப் பிரியம். நான் நம்பரைக் காட்டியதும் அந்தக் கை மேலே போக வேண்டும். போகாவிட்டால் போகும் வரை முறைப்பேன்.

அந்தக் கையை நம்பித்தான் ஒரு பெண்ணின் காலேஜ் சீட்டைக் கிட்டத்தட்டக் கெடுத்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால், கோடை விடுமுறையில் அரியலூரில் பெண்களுக்கான இரண்டு நாள் போட்டி. சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்குள் இருந்த கோர்ட். சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம் என்பதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் இரண்டு பேர் தென்னந்துடைப்பத்தால் தரையைப் பெருக்கி ஈரத்துணி போட்டுத் துடைப்பார்கள். ஆட்டம் பாதியில் மறுபடியும் மாவு பூசினமாதிரி ஆகிவிடும். வழுக்கி விழாத நடுவரே கிடையாது. நானும் இரண்டு தரம் விழுந்தேன். இரண்டு தரமும் யாரும் சிரிக்கவில்லை, என் பெயர் அப்படி.

சனிக்கிழமை அரையிறுதியில் ஆண்டிமடத்துப் பெண்கள் ஆடினார்கள். அவர்களுடைய கேப்டன் ஏழாம் நம்பர், பெயர் பவித்ரா. பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். ஒட்டடைக்குச்சி உடம்பு. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற கார்டு. கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம். "ஏய் லெஃப்ட்ல ஏறுடி! ஸ்கிரீன் வை, மறிச்சு நில்லு! கவிதா, தூங்காத! பின்னாடி ஆளு வருது பாரு!" இப்படி நாற்பது நிமிடமும் ரன்னிங் கமென்ட்ரி. தன் ஆட்களிடம் பேசுவதோடு நிறுத்தியிருந்தால் நான் விட்டிருப்பேன். என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

"சார், மூணு செகண்டுக்கு மேல கூடைக்கு அடியிலயே நிக்கிறா சார்! சார், பனியனப் புடிச்சு இழுக்குறாங்க சார்! சார், அந்தாண்ட பாருங்க சார்!"

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். டெக்னிகல் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். இதைக் கவனியுங்கள், விசில் ஊதி முடித்த பிறகு நடுவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அதிகப்படியானது. நான் அவள் முன்னால் போய் நின்று, என் பஸ் ஸ்டாண்டு குரலில், கோர்ட்டைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நீ பாத்து நான் விசில் ஊதணுமா? நம்பர் சொன்னா கையத் தூக்கு. வாயத் தொறக்காத. இன்னொரு தரம் தொறந்த, நேரா வெளிய போயிடுவ."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பவித்ரா தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமில்லை. அவர்கள் எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். நான் பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வாயாடியை ஒரே நிமிடத்தில் அடக்கிய திருப்தியோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இறுதி ஆட்டம். ஆண்டிமடத்துக்கு எதிரே பெரம்பலூர் அணி. என்னோடு நின்ற இன்னொரு நடுவர் சேகர். அரியலூரில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை, என் வயதுதான். யாரையும் அதட்டத் தெரியாத மனிதர், டீ ஆறிப்போனால் கூடக் கடைக்காரரிடம் சொல்லாமல் குடித்துவிடுவார். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும் அல்லவா? நான் அந்தப் பேச்சை இரண்டு வாக்கியத்தில் முடித்தேன்.

"என் ஏரியா என்னுது, உங்க ஏரியா உங்களுது. நான் விசில் ஊதுனப்புறம் அதுல நீங்க வராதீங்க."

"சரிங்க மேடம்" என்றார்.

முதல் பாதியில் என் காது எதையோ தேடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னவென்று புரிந்தது. ஏழாம் நம்பர் பேசவில்லை. பந்து கொடுக்கிறாள், ஓடுகிறாள், கையால் அங்கே இங்கே காட்டுகிறாள். வாய் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. அவளுடைய ஆட்கள் நேற்று அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள். இன்றைக்கு ஒருத்தி மேல் ஒருத்தி முட்டிக்கொண்டார்கள். அவர்கள் சொதப்பியதையெல்லாம் ஈடுகட்டப் போய் பவித்ராவே மூன்று ஃபவுல் வாங்கிவிட்டாள். மூன்று தரமும் நான் நம்பர் காட்டியதும் கை பட்டென்று மேலே போனது. என்ன ஒழுக்கமான பிள்ளை என்று நான் மனதுக்குள் மார்க் போட்டேன்.

பாதி ஆட்ட இடைவேளையில் வேப்பமரத்தடியில் வைத்திருந்த தண்ணீர் டிரம் பக்கம் போனேன். மரத்துக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒருத்தர் திருச்சியில் ஒரு பெண்கள் காலேஜ் அணிக்குக் கோச். டிராக் சூட் போட்ட அம்மாள், கையில் நோட்டு. எதிரே நின்றவர் பவித்ராவின் அம்மா. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற பாலில் வெந்து விரலெல்லாம் கறுத்திருந்தது. கறையைப் புடவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பேசினார்.

"அவ நல்லா பேசுவாங்க மேடம். வூட்ல அவ வாய மூட முடியாதுங்க. நேத்திலேருந்து என்னமோ ஒரு பேச்சு இல்ல."

கோச் தன்மையாகத்தான் சொன்னார். "கை அருமையா இருக்கும்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு வேண்டியது கார்டு. ஆட்டத்த நடத்தற பொண்ணு. வாயே தொறக்கலன்னா மத்த நாலு பேரு எங்க போவாங்க? இந்த வருஷம் ஒரே ஒரு சீட்டுதான் குடுப்பாங்க. ஃபீஸ் கெடயாது, ஹாஸ்டல் ஃப்ரீ. தப்பான ஆளுக்குக் குடுத்துட்டு நான் முழிக்க முடியாதில்ல?"

"நேத்து நீங்க வந்திருக்கணுங்க."

"நேத்து வர முடியல. நான் கண்ணால பாக்கறதத்தானே எழுத முடியும்?"

டம்ளரை வாயில் வைத்தபடி நின்றேன். நேற்று நான் அடக்கியது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், 'நேத்து நான்தாம்மா அவ வாயை அடைச்சேன்' என்று சொல்லிவிடலாமா என்று கால் ஒரு அடி எடுத்து வைத்தது. ஆட்டம் முடியவில்லை. நடுவர் ஒருத்தர் பாதி ஆட்டத்தில் ஒரு அணியின் பெண்ணுக்காக சிபாரிசு பேசினால், அதற்குப் பிறகு அவர் ஊதுகிற விசிலை யார் நம்புவார்கள்? பேசாமல் கோர்ட்டுக்குத் திரும்பினேன். அவ்வளவு கனமான டம்ளரை நான் அதற்கு முன்னால் கீழே வைத்ததில்லை.

இரண்டாம் பாதியில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மனதில் குற்ற உணர்ச்சி இருக்கிற நடுவர் இரண்டு பக்கமும் கெட்டுப்போவார். பவித்ரா பக்கம் சாய்ந்துவிடுவேனோ என்று பயந்து, அவள் விஷயத்தில் கூடுதல் கறாராக இருந்தேன். உரசினதுக்கெல்லாம் ஊதினேன். நான்காவது ஃபவுலும் ஏறியது. கை மேலே போனது.

இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருந்தது. பெரம்பலூர் ஒரு பாயிண்ட் முன்னால். கூடைக்கு அடியில் ஐந்தாறு பெண்கள் பந்துக்காக மொத்தமாகக் குதித்தார்கள். பெரம்பலூர்ப் பெண் ஒருத்தி பந்தோடு மேலே எழும்ப, பளார் என்று அவள் கையில் ஒரு அடி விழுந்தது. ஊதினேன். ஃபவுல் என்பதில் சந்தேகமே இல்லை, ரோட்டில் போன லாரி டிரைவருக்குக் கூடக் கேட்டிருக்கும். ஆனால் நான் பார்த்தது ஒரு கை மட்டும். கையில் யாரும் நம்பர் எழுதிக்கொண்டு வருவதில்லை. கூட்டம் கலைந்தபோது எனக்கு நேராக நின்றது ஏழாம் நம்பர்.

ஏழு என்று காட்டினேன்.

பவித்ராவின் கண் ஒரு கணம் பெரிதாக விரிந்தது. உதடு பிரிந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. கை மேலே போனது. அது ஐந்தாவது ஃபவுல். டேபிளில் ஐந்து என்று எழுதிய அட்டையைத் தூக்கினார்கள். அவள் பெஞ்சைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். எல்லைக்கு வெளியே அந்தத் திருச்சிக் கோச் பேனாவை மூடி நோட்டுக்குள் வைப்பதையும் நான் பார்த்தேன்.

கை தூக்கியாயிற்று, அவளே ஒத்துக்கொண்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பந்தை எடுத்துக்கொண்டு ஃப்ரீ த்ரோ போட வேண்டிய பெண்ணிடம் போனேன். பந்தை அவள் கையில் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு ஃபவுலை வேறு யார் பெயருக்கும் மாற்ற முடியாது. பந்து என் கையில் இருக்கிற வரைக்கும்தான்.

கொடுக்கக் கை நீட்டினேன். அப்போது கண்ணுக்குள் அந்தக் காட்சி திரும்ப ஓடியது. விசில் ஊதுவதற்கு முன்னால் பவித்ரா எனக்கு நேரெதிரே நின்றாள். இரண்டு உள்ளங்கையும் விரித்து மேலே தூக்கியபடி நின்றாள். அவளுடைய இரண்டு கையும் ஆகாயத்தில் இருக்கும்போதுதான் அந்த அடி விழுந்தது. அப்படியென்றால் அடித்தது மூன்றாவது கை.

நீட்டிய பந்தை இழுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் நிஜமாகவே அதைப் பார்த்தேனா? இல்லை, வேப்பமரத்தடியில் கேட்ட பேச்சு என் கண்ணுக்குள் அந்த இரண்டு உள்ளங்கைகளை வரைந்து காட்டுகிறதா? இரக்கப்பட்டு நான் மாற்றினால் எதிரே நிற்கிற பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு அது துரோகம். பார்த்தும் மாற்றாமல் விட்டால் அது இந்தப் பெண்ணுக்குத் துரோகம். என் கண்ணை நானே நம்ப முடியாத நேரம் அது. இதற்குள் எல்லைக்கோட்டருகில் நின்ற பையன்கள் செல்போனை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "மேடம், வீடியோ இருக்கு மேடம்! பாருங்க மேடம்!" அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்றைக்கு அவர்கள் போனைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் நாளைக்கு ஊரில் இருக்கிற போனையெல்லாம் பார்க்க வேண்டிவரும்.

கோர்ட்டில் எனக்கு இன்னொரு ஜோடிக் கண் இருந்தது. 'வராதீங்க' என்று நான் ஓரங்கட்டி வைத்த கண். சேகரிடம் நடந்தேன். ஏழா, வேறு யாராவதா, கை எங்கே இருந்தது என்று எதையும் நான் சொல்லவில்லை. என் சந்தேகத்தை அவர் வாயில் ஊட்டிவிட்டு அதையே பதிலாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

"யாரு?"

"பன்னெண்டுங்க மேடம்." கண் இமைக்கவில்லை. "பின்னாடிலேருந்து வந்து அடிச்சிட்டு நவுந்துருச்சு அந்தப் பொண்ணு. ஏழு கைய மேல வச்சுக்கிட்டு சும்மா நின்னுது."

"நல்லாத் தெரியுமா?"

"எனக்கு நேருக்கு நேருங்க."

"அப்பறம் ஏன் சார் வந்து சொல்லல?"

சேகர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "நீங்கதானே வராதீங்கன்னீங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் அந்தச் சாம்பல் சட்டைக்குள் இருந்த ஆள் மேல்தான். டேபிளுக்குப் போய்த் திருத்தினேன். ஏழு இல்லை, பன்னிரண்டு. பன்னிரண்டாம் நம்பர் ஆண்டிமடத்து அணியின் உயரமான பெண். அதுவரை யாரையும் பார்க்காமல் ஷூ லேஸைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து, "ஆமா சார்" என்று கையைத் தூக்கினாள். அழுதுவிட்டாள். பாவம், அவளுக்கும் சொல்லப் பயம்.

பெரம்பலூர்க் கோச் துண்டை உதறிக்கொண்டு எல்லைக்கோடு வரை வந்துவிட்டார். எனக்கு இருபது வருடப் பழக்கம். "மேடம்! என்னா மேடம் இது? நம்ம ஊருக்காரங்க நீங்களே இப்டி மாத்திச் சொல்லலாமா?" பழைய நானாக இருந்தால் அவருக்கும் ஒரு டெக்னிகல் கிடைத்திருக்கும். அவர் பக்கத்தில் போய் நின்று குரலைத் தணித்தேன். என்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தப்பு என்னுதுங்க சார். ஆள மாத்திச் சொல்லிட்டேன். அடிச்சது பன்னெண்டு. ஒங்களுக்கு வர வேண்டிய ரெண்டு ஃப்ரீ த்ரோ அப்டியே இருக்கு."

அவர் வாயைத் திறந்தார். சண்டை போட அதில் ஒன்றும் இல்லை. "அதான பாத்தேன்" என்று ஏதோ அவரே ஜெயித்த மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். கோபமாக வருகிறவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றுதான்: என்ன நடந்தது, யார் தப்பு, அவருக்கு இனி என்ன கிடைக்கும். நாலாவது வாக்கியம் பேசினால் சண்டை திரும்ப ஆரம்பிக்கும்.

பவித்ராவை உள்ளே கூப்பிட்டேன். வந்து நின்றாள்.

"ஏம்மா, நீ அடிக்கலன்னு ஒனக்குத் தெரியுமில்ல? அப்பறம் ஏன் கையத் தூக்குன?"

"நம்பர் சொன்னா கையத் தூக்கு, வாயத் தொறக்காதன்னு நேத்து சொன்னீங்களே சார்."

குத்திக்காட்டுகிற தொனி துளிக்கூட இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைக் கோர்ட்டில் திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் ஒட்டினதில்லை. இது ஒட்டிக்கொண்டது.

அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் மறுபடியும் தப்பாகியிருக்கும். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினேன். இருவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ரெண்டு பேரும் கேளுங்க. நேத்து நான் பேசுனது தப்பு. கேப்டன் என்கிட்ட வந்து மரியாதையா கேள்வி கேக்கலாம், அது ஒங்க உரிமை. நான் பதில் சொல்லுவேன், இல்லன்னா அப்பறம்னு சொல்லுவேன். ஒங்க ஆளுங்ககிட்ட எவ்ளோ வேணா பேசிக்கிங்க. அதுக்கு என்கிட்ட அனுமதி வேண்டியதில்ல."

பெரம்பலூர்க் கேப்டன் தலையாட்டினாள். பவித்ரா என்னை நம்பலாமா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான். போ, நேரமாவுது."

ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தது, ஒன்று விளிம்பில் பட்டுத் துள்ளியது. துள்ளிய பந்து தரைக்கு வருவதற்குள் அந்தக் குரல் கிளம்பிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்த பேச்சு மொத்தமும் மடை திறந்தது. "எடுடி! எடு! இங்க தா! கவிதா ரைட்ல ஓடு, ஓடு, நிக்காத! பன்னெண்டு, அழுவாத, அப்பறம் அழுவலாம், இப்ப வந்து ஸ்கிரீன் வை!" நேற்று அதே குரல் எனக்கு இரைச்சலாகக் கேட்டது. இன்றைக்கு அந்தக் குரல் சொல்லச் சொல்ல நான்கு பெண்கள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்தேன். மூலையில் தனியாக நின்ற கவிதாவுக்குப் பந்து போனது. அவள் தூரத்திலிருந்து போட்ட மூன்று பாயிண்ட் உள்ளே விழுந்தது. ஆண்டிமடம் ஒரு பாயிண்ட் முன்னால். மரத்தடியில் திருச்சிக் கோச் நோட்டைப் பிரித்துவிட்டதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு உடனே பந்து இருக்கிற பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசிச் சில விநாடிகள். பெரம்பலூர்க் கேப்டன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். பவித்ரா குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டப் போய்ப் பட்டவர்த்தனமாக அவள் மணிக்கட்டில் போட்டாள் ஒரு போடு. அது என் ஏரியா. விசில் வாயில் இருக்கிறது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஊத வேண்டுமா என்று நெஞ்சு கேட்டது. ஊதினேன். இதையும் ஊதாவிட்டால் முன்னால் திருத்தியது இரக்கத்தில் திருத்தியதாக ஆகிவிடும்.

நான் நம்பரைக் காட்டக் கையைத் தூக்குவதற்குள் பவித்ராவின் கை மேலே போய்விட்டது. இந்தத் தரம் வாயும் சேர்ந்து போனது.

"நான்தான் சார்! இது நான்தான்! சேகர் சார்கிட்டக் கேக்க வேணாம்!"

கோர்ட் முழுக்கச் சிரித்தது. டேபிளில் ஐந்தாம் அட்டையைத் தூக்கியவர் சிரிப்பில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரம்பலூர்க் கேப்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் நடுவர், சிரிக்கக் கூடாது. விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். விசில் லேசாகக் கீச்சிட்டு என்னைக் காட்டிக்கொடுத்தது.

பெரம்பலூர்ப் பெண் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள். பவித்ரா பெஞ்சிலிருந்தபடியே கடைசி விநாடி வரை தன் ஆட்களை நடத்திக்கொண்டிருந்தாள். கவிதா கடைசியாக எறிந்தது விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. ஆண்டிமடம் ஒரு பாயிண்டில் தோற்றது.

சட்டப்படி அந்த ஆட்டத்தில் பவித்ராவுக்கு என்னால் ஒரு நன்மையும் நடக்கவில்லை. ஐந்து ஃபவுல், வெளியே, தோல்வி. அவளுடைய ஃபவுல் அவளுடையதாக இருந்தது, அவ்வளவுதான். நடுவர் ஒருத்தர் தர முடிந்தது அதுதான். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் கூட நிற்கிற நடுவரிடம் நான் முதலில் சொல்வது, "நான் தப்பு பண்ணா உடனே வந்து சொல்லுங்க" என்பதுதான். சேகர் அதை ரொம்பச் சீரியஸாக எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் டீக்கடையில் நான் சர்க்கரை அதிகம் போட்டால் கூட வந்து சொல்கிறார்.

பரிசளிப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திருச்சிக் கோச் நேராகப் பவித்ராவிடம் வந்தார். பக்கத்தில் அவள் அம்மா, இந்தத் தரம் கையை முந்தானைக்குள் மறைக்க மறந்துபோய் நின்றார்.

"ஏம்மா, எங்க காலேஜ்ல வந்து சேர்றியா?"

பவித்ரா ஒரு விநாடி சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தது அந்த ஒரு விநாடிதான்.

"சேர்றேன் மேடம்! ஹாஸ்டல்ல எத்தன பேருக்கு ஒரு ரூமு மேடம்? கோர்ட்டு சிமெண்டா, மரமா? மரத்துல நான் ஆடுனதே இல்ல, வழுக்குமா? ஷூ நீங்க தருவீங்களா, நாங்க வாங்கணுமா? இது கிழிஞ்சுருச்சு, இங்க பாருங்க. மாசத்துல ஒருவாட்டி எங்கம்மா வந்து பாக்கலாமா? ஞாயித்துக்கெழம வுடுவீங்களா? நான் எந்த நம்பரு மேடம்? ஏழு வேற யார்னா போட்டிருக்காங்களா? அவங்ககிட்ட நான் பேசிக்கவா?"

கோச் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திணறினார். எழுதுவதா, பதில் சொல்வதா என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், நீங்கதான் ரெஃப்ரி. இந்தப் பொண்ண கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

"ஆட்டம் முடிஞ்சிருச்சுங்க" என்றேன். "இனிமே அவள நிறுத்த எனக்கு அதிகாரம் கெடையாது."